நைட் ஷிஃப்ட் உடம்புக்குப் பழகுமா?

நைட் ஷிஃப்டுக்குப் புதிதாகப் போகிறவரிடம் பழைய ஆட்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "முதல் ஒரு மாசம்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. விடிய விடிய விழித்திருக்கும் வித்தை கைவந்துவிடும். எப்போது காபி குடிக்கலாம், எந்த நேரத்தில் எழுந்து நாலு எட்டு நடந்தால் கண் சொருகாது, வீட்டுக்கு வந்ததும் போனை எங்கே ஒளித்துவைப்பது என்பதெல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் ஆள் பழகுவது. உடம்பு பழகுகிறதா என்பது வேறு கேள்வி. இருட்டியதும் சுரந்து உடம்புக்கு இரவு என்று சொல்லும் ஹார்மோன் மெலடோனின்; நிரந்தரமாக இரவு வேலையே பார்ப்பவர்களிடம் அது எந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று அளந்த ஆய்வுகளை 2008இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். உடல் கடிகாரம் முழுவதுமாக இரவு வேலைக்கு ஏற்பத் திரும்பியிருந்தவர்கள் நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு பகலைப் பகலாகவும் இரவை இரவாகவுமே நடத்திக்கொண்டிருந்தது. தூக்கக் குறைவு, வயிற்றுக் கோளாறு, சர்க்கரை, இதயம் என்று நைட் ஷிஃப்டைச் சுற்றிப் பேசப்படும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

உள்ளே ஓடும் கடிகாரம்

1729இல் ஷான் ஷாக் தோர்த்தூ தெ மெரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துக் கவனித்தார். பகலில் இலை விரித்து இரவில் மூடும் செடி அது. சூரியனே கண்ணில் படாத இருட்டிலும் அது நேரம் தவறாமல் விரிந்தது, மூடியது. நேரத்தை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தனக்குள்ளேயே வைத்திருந்தது என்றுதானே அர்த்தம்.

மனிதரிடம் இதைச் சோதிக்க 1938இல் நத்தானியேல் கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார்கள். சூரிய வெளிச்சமும் இல்லை, தட்பவெப்ப மாற்றமும் இல்லை. அங்கே ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ்ந்து பார்த்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடல் வெப்பநிலை 28 மணி நேரச் சுற்றுக்கு ஒத்துவந்தது. நாற்பதைத் தாண்டியிருந்த கிளைட்மனின் உடம்போ கடைசிவரை 24 மணி நேரக் கணக்கை விடவே இல்லை. இரண்டே பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனாலும் ஒரே டியூட்டியை ஒருவர் சமாளிப்பதும் இன்னொருவர் திணறுவதும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் குகைக் கதையை நான் எப்போதும் சொல்வேன். வயதுக்கும் உடல்வாகுக்கும் இதில் பங்கு உண்டு. மன உறுதியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு, அவ்வளவுதான். கல்லீரல், கணையம், குடல், இதயம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றை ஒரே நேரத்தில் ஓட வைக்கும் தலைமைக் கடிகாரம் இது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சில புரதங்கள் சேர்வதும் சிதைவதுமாக ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது. பழ ஈக்களை வைத்து இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். பெரும்பாலானவர்களின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடக்கூடியது. அப்படியே விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டே போகும். தினமும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். விழித்திரையில் காட்சிக்கென்று இல்லாமல், வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. நீல நிற ஒளி அவற்றை மிக எளிதாகத் தூண்டும். பார்வை இழந்தவர்களில் சிலருக்குக்கூட இந்த உயிரணுக்கள் மட்டும் வேலை செய்வதால், அவர்களுடைய கடிகாரம் சூரியனோடு ஒத்து ஓடுகிறது.

இப்போது நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வெளியே வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் அவர் இருந்த அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்திருக்கும். வாசலைத் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் காலை வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ். மேகமூட்டமான நாளிலும் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. இரவு வேலையால் கொஞ்சம் நகரத் தொடங்கியிருந்த கடிகாரத்தை அந்த வெளிச்சம் பிடித்துப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். போதாக்குறைக்கு, விடுமுறை நாளில் எல்லோரோடும் சேர்ந்து பகலில் விழித்து இரவில் தூங்குகிறோம். கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரக்கூடியது. அதை நாலு நாள் ஒரு பக்கம் தள்ளிவிட்டு அடுத்த இரண்டு நாளில் மறுபக்கம் இழுத்தால் அது எங்கே போய் நிற்கும்?

விதிவிலக்கும் இருக்கிறது, அது காரணத்தை இன்னும் தெளிவாக்குகிறது. ஐரோப்பாவின் வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் இரண்டு வாரம் தொடர்ந்து இரவு வேலை பார்த்தவர்களில் பலருக்குக் கடிகாரம் சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் பயணம் செய்வதில்லை, காலை வெயில் படுவதில்லை, மேடையிலேயே இருட்டு அறையில் தூங்கி எழுகிறார்கள். ஆனால் ஊர் திரும்பியதும் அதே கடிகாரத்தைப் பகலுக்குத் திருப்ப அவர்கள் படும் பாடு தனி.

பகல் தூக்கம் ஏன் பாதியில் கலைகிறது

தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற தூக்க ஆய்வாளர் விளக்கினார். இன்றும் தூக்க மருத்துவத்தின் அரிச்சுவடி அதுதான். முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதற்கு முக்கியக் காரணம், தூங்கினால் குறையும். இரண்டாவது, நாம் இப்போதுவரை பேசிய கடிகாரம். அது பகலில் 'விழித்திரு' என்று உந்தும், இரவில் அந்த உந்துதலை விட்டுவிடும்.

இரவு 11 மணிக்குப் படுப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கம். தொடக்கத்தில் அழுத்தம் தூங்க வைக்கிறது. பின்னிரவில் அழுத்தம் குறைந்த பிறகு, கடிகாரம் காலைவரை தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

காலை 9 மணிக்குப் படுப்பவரின் கதையே வேறு. இரவெல்லாம் விழித்ததால் அழுத்தம் தலைக்கு மேல் நிற்கும். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார், ஆழ்ந்தும் தூங்குவார். நாலைந்து மணி நேரத்தில் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அப்போது மணி பகல் ஒன்று. உடல் வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கிறது, கடிகாரம் முழு வேகத்தில் 'விழித்திரு' என்கிறது. தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. கண் திறந்துவிடும். புரண்டு படுப்பார், மணி பார்ப்பார், மீண்டும் கண்ணை மூடுவார், ஒன்றும் நடக்காது. தெருச் சத்தத்தையும் அழைப்பு மணியையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் திட்டுவார். அவையெல்லாம் தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாத அறையிலும் அந்தத் தூக்கம் பெரும்பாலும் அதே நேரத்தில்தான் கலைந்திருக்கும்.

இப்படி இரவு வேலைக்காரரின் பகல் தூக்கம் வழக்கமான இரவுத் தூக்கத்தைவிட 1 முதல் 4 மணி நேரம்வரை குறைகிறது. ஆழ்ந்த தூக்கம் முதலிலேயே வந்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். அடிபடுவது, பின்பகுதியில் வர வேண்டிய கனவு நிலைத் தூக்கமும் மிதமான தூக்கமும். நாளுக்கு 2 மணி நேரம் குறைந்தால் ஐந்து நாளில் 10 மணி நேரக் கடன். எரிச்சல், ஞாபக மறதி, சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று விழுவது, இவற்றில் பலவும் இந்தக் கடனின் வட்டி.

அதிகாலை மூன்று மணி

இரவு வேலை பார்த்த எவரையும் கேளுங்கள், மூன்றிலிருந்து ஐந்துவரைதான் கொடுமை என்பார்கள். உடல் வெப்பநிலை 24 மணி நேரத்தில் மிகக் கீழே இறங்குவது ஏறத்தாழ அப்போதுதான். அறை அதே அறையாக இருக்கும், ஆனால் குளிரும். திரையில் ஒரே வரியை மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதிலும் முதல் நாள் இரவு மோசம். காலை 9 மணிக்கு எழுந்தவர் அன்று பகலில் தூங்காமல் இரவு வேலைக்குப் போனால், அதிகாலை 2 மணிக்கு அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்டுவது குற்றம்.

வீடு திரும்பும் நேரத்தில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஆறரை மணி வாக்கில் திடீரென்று தெம்பு வரும். 'தூக்கமே போயிடுச்சு' என்று தோன்றும். போகவில்லை. கடிகாரம் பகலுக்கான உந்துதலைத் தொடங்கிவிட்டது, அடியில் தூக்க அழுத்தம் இறங்காமல் அப்படியே இருக்கிறது. வண்டியை எடுத்துப் பத்து நிமிடம் ஒரே சீராக ஓட்டியதும் அது மேலே வரும். நுண்தூக்கம் எனப்படும் சில விநாடித் தூக்கத்தில் கண் திறந்தபடியேகூட மூளை அணைந்துவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். நைட் ஷிஃப்டால் வரும் ஆபத்துகளில் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்று கேட்டால், பத்து வருடம் கழித்து வரக்கூடிய நோய்களை விட்டுவிட்டு இந்த 50 மீட்டரைத்தான் சொல்வேன். கண் கட்டுகிறதென்றால் கிளம்பும் முன் இருபது நிமிடம் தூங்கிவிட்டு, முகம் கழுவி, தெளிந்த பிறகு கிளம்புங்கள். முடிந்தால் வேறு யாராவது ஓட்டட்டும்.

வயிறும் ரத்தமும்

கடிகாரம் தூக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. செரிமானமும் இன்சுலினும்கூட அதன் நேரப்படியே நடக்கின்றன. ஒரே சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட நள்ளிரவில் சாப்பிட்டால் கூடுதலாக ஏறும், மெதுவாக இறங்கும். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், பசியே இல்லாமல் கொறிக்கும் பழக்கம் என்று இரவு வேலைக்காரர்கள் சொல்லும் புகார்களில் பலவும் இங்கே வந்து சேரும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2021இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை. 19 இளவயதினரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவு வேலை போலவே விழித்திருக்கச் செய்தார்கள். ஒரு குழு இரவிலும் சாப்பிட்டது. இன்னொரு குழு விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டது. இரவில் சாப்பிட்டவர்களின் ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. சிறிய சோதனைதான். ஆனால் விழித்திருப்பதைத் தவிர்க்க முடியாதவருக்கும் சாப்பாட்டு நேரம் கொஞ்சமாவது கையில் இருக்கிறதே.

நீண்டகால பாதிப்புகளில் இதய நோய்க்கு ஆதாரம் ஓரளவு வலுவானது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடங்கிய 34 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை, ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு 23 சதவீதம் அதிகம் என்றது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் கணக்கைச் சரியாகப் படிக்க வேண்டும். 100 பேருக்கு வரும் இடத்தில் 123 பேருக்கு வருகிறது என்பது அதன் பொருள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மாரடைப்பு வரும் என்பதல்ல. புகை பிடிப்பது, உடற்பயிற்சி குறைவது போன்றவையும் இந்த வேலையோடு கூடவே வருவதால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்தெடுப்பதும் எளிதல்ல.

புற்றுநோய் விஷயத்திலும் இதே குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்று சொல்லும் 2ஏ பிரிவில் 2007இல் வைத்தது, 2019இல் அதையே மறுபடியும் உறுதி செய்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்று சொல்வதில்லை. பத்து நாள் நைட் டியூட்டி பார்த்தவர் இதைப் படித்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பல வருடம் தொடர்ந்து பார்ப்பவர் வழக்கமான பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். மனச்சோர்வும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கர்ப்பிணிகள் இரவு வேலையைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

என்னதான் செய்வது

மாதத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் வேலை என்றால் கடிகாரத்தைத் திருப்ப முயலவே வேண்டாம். வேலைக்குப் போகும் முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள், வந்ததும் கொஞ்சம் தூங்குங்கள், அன்றிரவு வழக்கம்போலப் படுத்துவிடுங்கள்.

தொடர்ந்து இரவு வேலை பார்ப்பவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. வேலை நாளில் காலை எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுபவர், விடுமுறை நாளில் இரவு பத்து மணிக்கே படுக்காமல் அதிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகலில் எழலாம். இரண்டிலும் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டுவரை தூக்கம் பொதுவாக இருக்கிறது. கடிகாரம் முழுதாகத் திரும்பாது, பாதி வழியில் ஓரிடத்தில் நிலைக்கும். அதுவே பெரிய நிம்மதி. குடும்பத்தோடு மாலைப் பொழுதும் மிஞ்சும்.

வெளிச்சத்தைத் தெரிந்தே கையாளுங்கள். ஷிஃப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள், விடிகாலையில் குறைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் ஓட்டும் வண்டியில் திரும்புகிறீர்கள் என்றால் கறுப்புக் கண்ணாடி போடலாம். நீங்களே ஓட்டுவதானால் வேண்டாம், இருட்டு தூக்கத்தைக் கூட்டும். படுக்கையறையைக் கை தெரியாத அளவுக்கு இருட்டாக்குங்கள், முடியாவிட்டால் கண்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

காபியில் உள்ள கஃபீன் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூக்க அழுத்தத்தை மூளை உணராமல் மறைக்கிறது, அழுத்தத்தைக் குறைப்பதில்லை. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குப் படுப்பவருக்கு அதிகாலை 3 மணிக் காபியே கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். தூங்குவதற்காக மது அருந்துவது வீண் வேலை. கண் சீக்கிரம் மூடும், ஆனால் ஏற்கெனவே பாதியில் கலையும் தூக்கம் இன்னும் சீக்கிரம் கலையும். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் சிறிதளவோடு நிறுத்துங்கள்.

டியூட்டி அட்டவணை போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிஃப்டை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். கடிகாரம் இயல்பாகவே பின்தங்கும் தன்மை கொண்டது என்று பார்த்தோமல்லவா, அதற்கு ஒத்துப்போகும் வரிசை இது. இரவு, மாலை, காலை என்று தலைகீழாக மாற்றுவது அநியாயம். மாலை ஷிஃப்ட் 11 மணிக்கு முடிந்தவரை மறுநாள் காலை 7 மணிக்கு வரச் சொல்வது அதைவிட அநியாயம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலை 11 மணிக்குத் தூங்குபவரை எழுப்பி 'ஒரு நிமிஷம் இதை மட்டும் பார்த்துடு' என்று சொல்லாதிருப்பது. இரவு 2 மணிக்கு யாராவது உங்களை எழுப்பி மின்கட்டண ரசீதைத் தேடச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி.

மூன்று மாதத்துக்கு மேலாகியும் பகலில் தூக்கம் வராமலும் வேலை நேரத்தில் கண் திறக்க முடியாமலும் இருந்தால் அதைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறு என்றே ஒரு நோய் வகைப்பாடு உண்டு, சிகிச்சையும் உண்டு. மெலடோனின் மாத்திரையோ தூக்க மாத்திரையோ கடையில் தானாக வாங்கிப் போடாமல் மருத்துவர் சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும். தப்பான நேரத்தில் சாப்பிட்ட மெலடோனின் கடிகாரத்தை எதிர்த் திசையில் நகர்த்தும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், இரவு வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் 'காலை', 'இரவு' என்று எழுதப்படுவது பகலில் விழித்து இரவில் தூங்குபவரை மனத்தில் வைத்துத்தான். 'இரவு சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிய சர்க்கரை மாத்திரையை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், அடுத்த சாப்பாடு எப்போது என்றே தெரியாமல் இருப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். காலையில் உச்சத்தில் இருக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்காகக் காலை எட்டு மணிக்கு எடுக்கும் பரிசோதனை, இரவெல்லாம் விழித்தவரிடம் எடுத்தால் தவறான முடிவைக் காட்டலாம். எந்த மாத்திரை கடிகார நேரத்துக்கு, எது தூங்கப் போகும் முன், எது சாப்பாட்டோடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.